ஓடிப்போகும் நிறம்

மூடுபாறையில் பூக்கிற பூக்களில் ஒன்றுகூட மூடுபாறையைச் சேர்ந்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மலையேறி வருகிறவர்கள் செக்போஸ்டைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் ஊதாவும் சிவப்பும் ரோஜா நிறமும் வழிந்துகிடப்பதைப் பார்த்துவிட்டு, இயற்கை இந்த ஊருக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறது என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்கிறார்கள். இயற்கை இந்த ஊருக்குக் கொடுத்தது புல்லும் முள்ளும் அட்டைப்பூச்சியும் மட்டும்தான். ஜகரண்டாவும் காகிதப்பூவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை, டேலியா மெக்சிகோவிலிருந்து, கமேலியா சீனத்திலிருந்து, காதில் தொங்கும் நகை போலிருப்பதால் ஊர்க்காரர்கள் ஜிமிக்கிப் பூ என்று பெயர் வைத்துவிட்ட ஃபியூஷியா ஆண்டிஸ் மலையிலிருந்து. எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் சொந்த ஊரை நினைத்து ஏங்கிய வெள்ளைக்காரர்கள். இங்கிலாந்தை நினைத்து ஏங்கியவர்கள் எதற்குப் பிரேசில் மரத்தை நட்டார்கள் என்று கேட்கக் கூடாது. ஏக்கத்துக்குப் புவியியல் தெரியாது.

எப்சிபா டீச்சரும் வெளியிலிருந்து வந்து வேர்விட்டவர்தான். பனையின் கறுப்பும் தேரி மணலின் சிவப்பும் தவிர வேறு நிறம் காணாத ஒரு நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து இளம் வயதில் மலையேறி வந்து, பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்து, ஆப்பிளும் பானையும் உதயசூரியனுக்கு முன்னால் இரண்டு தென்னைமரமும் வரையக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்துப்போனவர். ஆனால் பள்ளி மணி அடித்து முடிந்ததும் அவர் வரைந்தது வேறு. ஒரு செடியை எதிரே வைத்துக்கொண்டு, பூவின் நீளத்தைக் கவராயத்தால் அளந்து அதே அளவில் தாளில் இறக்கி, மொட்டையும் விரிந்த பூவையும் காயையும், குறுக்கே அறுத்த காயின் உள்ளறைகளையும், இலையின் முன்பக்கத்தையும் யாரும் பார்க்காத பின்பக்கத்தையும் ஒரே தாளில், பின்னணியில்லாமல், தொட்டியில்லாமல், நிழலில்லாமல், வெள்ளைத் தாளின் நடுவே அந்தரத்தில் நிற்க வைப்பார். நிறம் சரிதானா என்று பார்க்க ஒரு துண்டுத் தாளில் கலவையைப் பூசி இதழின்மேல் வைப்பார்; துண்டு எது இதழ் எது என்று தெரியாமல் துண்டு மறைந்துபோகும்வரை கலப்பார். ஒரு ஜிமிக்கிப் பூவுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போகும்.

அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பள்ளியின் அப்போதைய தலைமையாசிரியை. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா பின்னால ஒரு அருவி போட்டிருந்தீங்கன்னா ரூம் நிறைஞ்ச மாதிரி இருந்திருக்கும்" என்றார். இன்னொருவர் சபூரா. கோயில் தெரு இறக்கத்தில் நாற்றுப்பண்ணை வைத்து, கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் செடி விற்கிறவள். புருஷனை இழந்தவள், வாயை இழக்காதவள். எந்தச் செடி முதல் பூ விட்டாலும் அதைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுப் படியேறுவாள், படம் முடிந்ததும் வந்து பார்த்து, "அசல் நம்ம செடிதான்க்கா, அந்தக் கீழ் எலையில பூச்சி கடிச்சது மட்டும் இல்ல" என்பாள். அது போதுமென்று டீச்சர் இருந்தார். அல்லது போதுமென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும். நீர்வண்ணக் குழாய்களின்மேல் நட்சத்திரம் போட்டிருக்கும். நிறைய நட்சத்திரமென்றால் அந்த நிறம் வெயிலில் நூறு வருஷம் நிற்கும். நட்சத்திரமே இல்லையென்றால் அது ஓடிப்போகும் நிறம், வெளிச்சம் படப்பட வெளுத்து ஒருநாள் தாளைவிட்டே போய்விடும். விவரமுள்ளவர்கள் ஓடிப்போகும் நிறங்களைத் தொடமாட்டார்கள். டீச்சருக்கும் விவரமுண்டு. ஆனால் ஜிமிக்கிப் பூவின் அந்த ரோஜாச் சிவப்பை, ஜகரண்டாவின் அந்த ஊதாவை, நட்சத்திரமுள்ள எந்தக் குழாயாலும் தர முடியவில்லை. நட்சத்திரமுள்ள சிவப்புகளெல்லாம் நேர்மையான, நீடித்த, மந்தமான சிவப்புகளாக இருந்தன, அரசாங்க உத்தியோகஸ்தர்களைப் போல. நட்சத்திரமில்லாத ஒரு ரோஜா நிறமும் ஒரு ஊதாவும் மட்டும் இதழின்மேல் வைத்ததும் இதழோடு இதழாக மறைந்தன. டீச்சர் யோசித்துப் பார்த்தார். சுவரில் மாட்டினால்தானே வெளிச்சம் படும், இவற்றை யார் மாட்டப்போகிறார்கள், பெட்டிக்குள்தானே கிடக்கப்போகின்றன, பெட்டிக்குள் கிடப்பது உண்மையான நிறத்திலாவது கிடக்கட்டுமே. அப்படி முடிவுசெய்து எல்லாப் பூவுக்கும் அந்தக் குழாய்களிலிருந்தே நிறமெடுத்தார். இலைகளுக்கு மட்டும் நட்சத்திரமுள்ள பச்சை. மூடுபாறையில் பின்னால் நடந்ததெல்லாம் இந்தச் சின்னக் கசப்பிலிருந்து முளைத்தது.

பணி ஓய்வு பெற்ற வருஷம், மாலை மரியாதையெல்லாம் முடிந்து வீடு திரும்பிய டீச்சர், இனி பள்ளியும் இல்லை பார்க்க யாரும் வரப்போவதும் இல்லை, நாமாவது பார்ப்போம் என்று ஜிமிக்கிப் பூ படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். எதிர்ச்சுவரில் ஜன்னல். ஜன்னலின் திரைத்துணி அகலம் போதாமல் பாதிவரைதான் எட்டும். ஆகவே படத்தின் இடது பாதியில் வெயில் விழுந்தது, வலது பாதியில் விழவில்லை.

அடுத்த கோடை தொடங்கும் சமயத்தில் சபூரா ஒரு தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சுவாங்க வந்தாள்.

"அக்கா, இது என்னா சீக்குன்னு பாருங்க. மருந்தும் அடிச்சிட்டேன், சாம்பலும் போட்டுட்டேன். ஊர்ல ஒரு ஜிமிக்கி பாக்கியில்ல, எல்லாம் இப்படித்தான்."

ஒவ்வொரு பூவும் நடுவில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல, இடது பாதி சோற்றுக் கஞ்சி நிறத்திலும் வலது பாதி பழைய சிவப்பிலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் பூவைப் பார்த்தார். சபூரா சுவரைப் பார்த்தாள். சுவரிலிருந்த படத்திலும் இடது பாதி வெளுத்து, அதே இடத்தில் அதே கோடு.

"உங்க படத்துலேர்ந்துதான் தொத்திக்கிச்சா?" என்றாள் சபூரா, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டிருப்பதைக் கேட்பதுபோல.

டீச்சர் படத்தைக் கழற்றி, அந்த ரோஜா நிறக் குழாயைத் தேடியெடுத்து, இடது பாதிக்கு மறுபடி நிறம் கொடுத்தார். தாள் காய்வதற்குள் இடுப்புத் தொட்டியின் பூக்களில் சிவப்பு ஏறியது, துணியில் தண்ணீர் ஊறுவதுபோல ஓரத்திலிருந்து உள்ளே. "அப்பாடா" என்று சபூரா தொட்டியை இறக்கி வைத்துவிட்டு டீ கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் மீன் கடைக்குத் தெரிந்து, மீன் கடைக்குத் தெரிந்ததால் ஊருக்குத் தெரிந்தது. மூடுபாறைக்காரர்கள் ஆச்சரியப்படவில்லை, இத்தனை வருஷம் தங்களிடம் சொல்லவில்லையே என்று கோபப்பட்டார்கள். மறுநாளிலிருந்து டீச்சர் வீட்டுப் படியில் ஆட்கள் நின்றார்கள். லாட்ஜ் வாசலில் இருக்கிற காகிதப்பூவைக் கொஞ்சம் 'டார்க்'காக அடித்துவிட முடியுமா, கல்யாணம் வருகிறது, பெண்ணின் பட்டுப்புடவைக்கு ஏற்ற மாதிரி டேலியாவை மாற்ற முடியுமா, எதிர்வீட்டுக்காரன் கமேலியாவை மட்டும் கொஞ்சம் வெளுக்கவிட முடியுமா. டீச்சர் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார்: படத்தில் இருப்பது எதிர்வீட்டுக் கமேலியா இல்லை, கமேலியா என்கிற செடி, அது எல்லார் வீட்டுக்கும் ஒன்றுதான். இந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை.

பெட்டியிலிருந்த மற்றப் படங்கள் எப்படியிருக்கின்றன என்று பார்க்க டீச்சர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பிவைத்த வாரத்தில், மூடுபாறை முழுவதும் ஒரு சாயம் இறங்கியது. ஜகரண்டா ஊதா துவைத்த ஊதாவானது. காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது பூவே இல்லை, பூவைச் சுற்றிய இலை, நிஜப் பூ நடுவில் அரிசிக் குருணை போல வெள்ளையாக இருக்கிறது என்று டீச்சர் வகுப்பு வகுப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஊரில் நடந்துகொண்டிருந்த அற்புதம் தாவரவியல் படித்திருக்கவில்லை, எந்தக் குழாயிலிருந்து நிறம் வந்தது என்று மட்டும் பார்த்துக் காகிதப்பூவையும் சேர்த்து வெளுத்தது. மலர்க் கண்காட்சிக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. கண்காட்சி இல்லையென்றால் லாட்ஜ் இல்லை, லாட்ஜ் இல்லையென்றால் குதிரைச் சவாரி இல்லை, சாக்லேட் கடை இல்லை, சபூராவின் நாற்றுப்பண்ணை இல்லை.

மலர்க் கண்காட்சிக் குழுவின் தலைவர் லோகிதாசன், ஏரிக்கரை ஓட்டலுக்குச் சொந்தக்காரர், காரியக்காரர். முதலில் ஓசூரிலிருந்து லாரி லாரியாகச் சிவப்புப் பூந்தொட்டிகளை வரவழைத்துப் பார்த்தார். கடைசிக் கொண்டை ஊசி வளைவுவரை சிவப்பாக வந்த தொட்டிகள் செக்போஸ்ட் கட்டையைத் தாண்டியதும் ஊரோடு ஊராக வெளுத்தன. அற்புதத்துக்கும் நகராட்சி எல்லை உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது. பிறகு டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. மங்காத பெயிண்ட்ல அடிச்சா என்ன? ஓட்டலுக்கு வெளிச்சுவர் அடிச்சோம், பத்து மழை பாத்துட்டு அப்படியே நிக்குது."

டீச்சர் நட்சத்திரமுள்ள சிவப்பால் ஜிமிக்கிப் பூவை ஒருமுறை திருத்திக் காட்டினார். அன்று ஊரிலிருந்த ஜிமிக்கியெல்லாம் செங்கல் நிறத்தில், சூளையிலிருந்து இறக்கியதுபோல் தொங்கியது. வாங்கிப் போனவர்கள் சபூராவிடம் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். குழந்தைகள் அழுதன. தாளைக் கழுவிப் பழைய நிறத்தைக் கொடுத்தபின்தான் ஊர் மூச்சு விட்டது.

ஆக, நிறம் வேண்டுமென்றால் அந்த நிறம்தான். அந்த நிறம் நிற்க வேண்டுமென்றால் வெளிச்சம் கூடாது. ஏரிக்கரை ஓட்டல் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பூங்காக் கண்ணாடி மாளிகைக்குக் கீழே வெள்ளைக்காரர்கள் ஒயின் பாட்டில் அடுக்கிய நிலவறை ஒன்று இருக்கிறது, காற்றோட்டமுண்டு, வெளிச்சமில்லை. படங்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி அங்கே வைத்துவிடுவது, டீச்சர் இனிமேல் புதிதாக எதையும் வரைந்து ஊருக்குச் சுமையைக் கூட்டாமலிருப்பது என்று லோகிதாசன் எடுத்துச் சொன்னார்.

"நான் இன்னும் யாருக்கும் காட்டவே இல்லையே" என்றார் டீச்சர்.

லோகிதாசன் நாற்காலியைக் கிறீச்சென்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காட்ட வேண்டியதில்ல டீச்சர். ஊரே உங்க படம்தானே! ரோட்டுல போற ஒவ்வொருத்தனும் பாத்துக்கிட்டுதானே போறான்?"

"அவங்க பாக்கிறது பூ."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா பூவைப் பூட்டி வைங்க" என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள், டீச்சர் இவ்வளவு தமாஷாகப் பேசுவார் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பிறகு கைதூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் எழுந்தன. சபூராவின் கை கடைசியாக எழுந்தது, பாதிவரைதான் எழுந்தது, ஆனால் எழுந்தது. வெளியே வரும்போது அவள் டீச்சரின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் என்னக்கா பண்ணட்டும்? சாகிறவரைக்கும் செடிதானே எனக்கு."

"கையை முழுசாத் தூக்கியிருக்கலாமில்லா. பாதியில நிறுத்தினா வலிச்சிருக்குமே" என்று சொல்லிவிட்டு டீச்சர் நடந்தார்.

ஊர் ஒரு அற்புதத்தைச் செரித்துக்கொள்ள ஆரம்பித்தால் அதைத் தனக்கு வாகான வடிவத்துக்குப் பிசைந்துகொள்ளும். முதல் வருஷம் வெளிச்சம் பட்டால் நிறம் போகும் என்றார்கள். இரண்டாம் வருஷம் வெளிச்சத்தோடு கண்ணும் பட்டால் போகும் என்றார்கள். அதற்கப்புறம் வெளிச்சத்தை மறந்துவிட்டார்கள். கண் மட்டும் மிஞ்சியது. டீச்சரின் படத்தை யார் பார்த்தாலும் அந்தப் பார்வையின் அளவுக்குப் பூவில் நிறம் குறையும் என்பது மூடுபாறையில் மழை பெய்தால் நனையும் என்பதுபோல ஆயிற்று. பெட்டிமேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். திரையை இறக்கி, ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வருஷத்துக்கு ஒரு மணி நேரம் காட்டினால் ஒன்றும் ஆகாது என்று டீச்சர் போய்க் கேட்டபோது லோகிதாசன் உண்மையாகவே பயந்துபோனார்.

"மெழுகுவர்த்தி பத்தி இல்ல டீச்சர். பாக்குறவன் கண்ணு எப்படியோ, யாருக்குத் தெரியும்? நீங்களே பாத்தாக்கூட வேண்டாம்னுதான் சொல்லுவேன். அதிகமாப் பாத்தது நீங்கதானே."

"என் காலத்துக்குள்ள ஒரு தடவை."

"உங்க காலத்துக்கு அப்புறமும் உங்க பேரு நிக்கும் டீச்சர்."

"பேரு நிக்கட்டும். நான் எங்க நிக்கிறது?"

அதற்கு அவர் அடுத்த கண்காட்சியில் மேடையில் நாற்காலி போடச் செய்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் அது ஒரு சடங்காயிற்று. பூட்டிய பெட்டியை நிலவறையிலிருந்து எடுத்து, பட்டுத்துணி போர்த்தி, பூ அலங்காரம் செய்த லாரியில் வைத்து, பேண்டு வாத்தியத்தோடு ஊரைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். பெண்கள் ஓடிவந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கண்ணாடி மாளிகையில் மேடை. மேடைமேல் பெட்டி. லோகிதாசன் ஒரு தட்டில் சாவியை வைத்து நீட்டுவார், டீச்சர் அதை எடுத்து நெற்றியில் வைத்துத் தட்டிலேயே திருப்பி வைக்க வேண்டும், ஊர் கைதட்டும். 'மலரன்னை' என்று பட்டம் கொடுத்தார்கள். நகராட்சி வளைவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள்கூட, "டீச்சர் படங்களை மிஞ்ச இனி ஒருத்தர் பிறக்க வேண்டும்" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். படத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்டால் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

டீச்சர் சடங்கை ஒழுங்காகச் செய்தார். வருஷங்கள் போக, சாவியை எடுக்கும் கை நடுங்க ஆரம்பித்தது. இனி தூரிகை பிடித்தால் கோடு நேராக நிற்காது, புதிதாக ஒரு படம் இனிமேல் ஆகாது, இருப்பதெல்லாம் பெட்டியில் இருப்பதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. ஒருவர், ஒரே ஒருவர், அருவியில்லாத அந்தத் தாள்களின் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனால் போதும். அந்த ஒருவர் மூடுபாறையில் இல்லை.

அந்த வருஷம் சிறப்பு விருந்தினராக ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் வந்திருந்தார். கலையைப் பற்றிப் பேசுவதற்கென்றே தனிக்குரல் வைத்திருந்தவர். மைக்கைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மையாரின் தாமரை இருக்கிறதே, அந்தத் தாமரையின் இதழோரத்தில் ஒரு பனித்துளி இருக்கிறதே, அந்தத் துளியில் பிரபஞ்சமே தெரிகிறது!"

டீச்சர் வாழ்க்கையில் தாமரை வரைந்ததில்லை. மூடுபாறையில் தாமரை வளராது. பனித்துளி போடும் பிள்ளைகளுக்கு அவர் மதிப்பெண் குறைத்திருக்கிறார். நாற்காலியிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்து கேட்டார்:

"ஐயா பாத்தீங்களா?"

பேராசிரியர் கண்ணைத் திறந்து, பெரியவர்கள் குழந்தையிடம் சிரிப்பதுபோலச் சிரித்தார். "பார்த்துத்தான் தெரியவேண்டுமா அம்மா? உணர்கிறேனே!"

கைதட்டல் அடங்குவதற்குள் லோகிதாசன் தட்டை நீட்டினார். டீச்சர் சாவியை எடுத்தார், நெற்றியில் வைத்தார், எழுந்தார். தட்டு காலியாகவே நின்றது. பூட்டு எண்ணெய் காணாமல் முரண்டு பிடித்தது, பிறகு திறந்தது. மூடி எழும்பிய சத்தம் கேட்டதும் மேடையில் இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள், பேண்டு வாத்தியக்காரர்கள், ஐஸ்கிரீம் விற்பவர் எல்லாரும் ஒரே உடம்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேராசிரியர் மேல்துண்டால் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் அவசரப்படவில்லை. தோரணம் கட்டியிருந்த கயிறுகளிலிருந்து தோரணத்தைக் கழற்றிவிட்டு, துணிக் கிளிப்புகளால் ஒவ்வொரு தாளாக மாட்டினார். இருட்டிலேயே கிடந்த நிறங்கள் மே மாத வெயிலில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஏறிநின்று எரிந்தன. மாட்டி முடித்துத் திரும்பியபோது கண்ணாடி மாளிகையில் யாருமில்லை. எல்லாரும் வெளியே ஓடி, பாத்திகளைச் சுற்றி நின்று, பூக்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்.

அவர் அங்கேயே இருந்துகொண்டார். லோகிதாசன் படங்களை எடுத்துவர இரண்டு ஆட்களைக் கண்ணைக் கட்டி அனுப்பினார். ஒருவர் கள்ளிச்செடியைக் கட்டிப்பிடித்து அலறினார், மற்றவர் முதல் ஆளையே டீச்சர் என்று நினைத்து, "அம்மா, மன்னிச்சிருங்க" என்று காலில் விழுந்தார். கூரைமேல் தார்ப்பாய் போட ஏணி வைத்தார்கள். ஆனால் கண்ணாடிக் கூரையில் கீழே பார்க்காமல் ஏற ஆள் கிடைக்கவில்லை. வாசலில் நின்று கெஞ்சினார்கள், சாபமிட்டார்கள், வளைவிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். படங்களைப் பார்ப்பதை மட்டும் அவர்கள் செய்யவில்லை.

சபூரா தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள். முக்காட்டை முகத்துக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்து தூக்குவாளியை வைத்துவிட்டு, பின்னாலேயே நடந்து போவாள்.

"சபூரா, நீ கொண்டாந்த பூதான் எல்லாம். ஒரு தடவை தலையத் தூக்கு."

"அதான் முன்னாடியே பாத்துருக்கேனேக்கா."

"அப்ப செடி சரியா இருக்கான்னு பாத்த. படத்தைப் பாக்கல."

சபூரா முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்குச் செடிதான்க்கா பாக்கத் தெரியும். பாதி வெளுத்துப்போச்சு, தெரியுமா? பூராவும் போனா நான் எங்க போறது? இப்பவாவது கழட்டுங்க."

டீச்சர் அவளைப் பார்த்தார். வெயில் தாள்கள்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. கழற்றினால் சபூராவின் பிழைப்பு பாதியாவது மிஞ்சும், அது டீச்சருக்குத் தெரியும். "நீ போ" என்றார். அதற்குப்பின் தூக்குவாளி வாசலுக்கு வெளியிலேயே வைக்கப்பட்டது.

மழை தொடங்குவதற்கு முன்னால் எல்லாம் முடிந்தது. ரோஜாச் சிவப்பு முதலில் போயிற்று, ஊதா அதன் பின்னால் போயிற்று, ஒருநாள் காலையில் மூடுபாறையின் ஜகரண்டாக்கள் சலவை வேட்டி உலர்த்தியதுபோல நின்றன. காகிதப்பூ நிஜமாகவே காகிதமாயிருந்தது. ஊர் துக்கம் காத்தது. ஒரு வாரம் இருக்கும். அப்புறம் யாரோ ஒரு சுற்றுலாப் பயணி வெள்ளை ஜகரண்டாவுக்குக் கீழே வெள்ளைப் புடவையில் நின்று எடுத்த படம் உலகமெல்லாம் சுற்றிவர, வெள்ளி சனிகளில் லாட்ஜில் இடமில்லாமல் போயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிற ஜோடிகள் வரிசையாக வந்தார்கள். சபூராவின் பண்ணையில் ஜிமிக்கி நாற்றுக்கு முன்பதிவு ஆரம்பித்தது. செக்போஸ்டில் 'வெண்மலர் நகரம் வரவேற்கிறது' என்று பலகை வைத்தார்கள். லோகிதாசன் கண்ணாடி மாளிகை வாசல்வரை வந்து, தலையைத் திருப்பிக்கொள்ளாமலே, தாராள மனத்தோடு பேசினார்.

"நடந்தது நடந்துபோச்சு டீச்சர். ஒரே ஒரு வேண்டுகோள். கை நடுங்காம இருந்தாலும், மறுபடி கலர் கிலர் அடிச்சிராதீங்க. வெள்ளையே நல்லாப் போகுது. படங்கள் அப்படியே இருக்கட்டும், யாரு வேணும்னாலும் பாத்துக்கட்டும். இனி போறதுக்கு ஒண்ணுமில்லையே."

அப்படி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மழைக்கு ஒதுங்கி வந்தவர்கள்தான் அதிகம். ஒரு பிற்பகல் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்து, குடையை மடக்கி வைத்துவிட்டு, கயிற்றில் தொங்கிய தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். அந்த அம்மாள் மெதுவாகப் பார்க்கிறவள். ஜிமிக்கிப் பூ தாளின் முன்னால் நின்றாள், குனிந்தாள், மூக்கு தாளில் படுமளவு நெருங்கினாள்.

"இங்க பாருங்களேன், எலையோட பின்பக்கத்துல நரம்பு நரம்பா, ரோமம்கூடத் தெரியுது. எலைக்கு அடியில என்ன இருக்குன்னு யாரு பாப்பா? இவங்க பாத்திருக்காங்க!"

மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்துகொண்டார். எழுந்தது அவருக்கே தெரியாது.

"ஆமா, நல்லாத்தான் போட்டிருக்கு" என்றார் புருஷன். "ஆனா பூவைப் பாரு, வெறும் பென்சில் கோடு. எலைக்கெல்லாம் இவ்வளவு கலர் குடுத்தவங்க பூவுக்கும் குடுத்து முடிச்சிருக்கலாம். எல்லாத்தையும் பாதியில விட்டிருக்காங்க."

அந்த அம்மாள் திரும்பி, காவலுக்கு இருக்கிற கிழவி என்று நினைத்து டீச்சரிடம் கேட்டாள்.

"ஏம்மா, இதை வரைஞ்சவங்க ஏன் பூவை மட்டும் முடிக்காம விட்டுட்டாங்களாம்?"

"அவங்கள யாரும் கேக்கல" என்றார் டீச்சர்.